எந்த சுப்பிரமணியம்?

ஆண்டாப் ஹில் கடைத்தெருவில் நின்று சுப்பிரமணி என்று ஒரு குரல் கொடுத்தால், நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். குவார்ட்டர்ஸ் சுப்பிரமணி, மில் சுப்பிரமணி, கோவில்பட்டி சுப்பிரமணி என்று முன்னால் ஏதாவது சேர்த்துச் சொன்னால்தான் ஆள் அகப்படுவார். முருகன் பெயர் அல்லவா? தமிழன் போகிற ஊருக்கெல்லாம் அதுவும் கூடவே வருகிறது.

சுதந்திரப் போராட்டக் கதையிலும் இந்தத் தொல்லை உண்டு. சுப்பிரமணிய பாரதி ஒருவர். சுப்பிரமணிய சிவா ஒருவர். மணி அய்யர் என்று அழைக்கப்பட்ட ஐகோர்ட்டு நீதிபதி எஸ்.சுப்பிரமணிய அய்யர் ஒருவர். இவர்களோடு ஜி.சுப்பிரமணிய அய்யர் என்று நாலாவதாகவும் ஒருவர் இருந்தார்.

பாரதியையும் சிவாவையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிவார்கள். ஜி.சுப்பிரமணிய அய்யர் யார் என்று கேட்டால், படித்தவர்கள்கூட அவரை நீதிபதியோடு சேர்த்துக் குழப்பிவிடுகிறார்கள். மும்பைத் தமிழர்கள் அப்படிக் குழப்பக் கூடாது. அவர் வாழ்க்கையில் நடந்த இரண்டு பெரிய காரியங்கள் இந்த ஊரில்தான் நடந்தன.

ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா

ஜி.சுப்பிரமணிய அய்யர் 1855-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி பிறந்தார். ஊர் திருவையாறு. தந்தை கணபதி தீட்சிதர், வக்கீல். தஞ்சாவூரில் படித்து, சென்னையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, பள்ளிக்கூட வாத்தியார் ஆனார்.

1878-ல் டி.முத்துசாமி அய்யர் சென்னை ஐகோர்ட்டு நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அங்கே அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். வெள்ளைக்காரர்களின் பத்திரிகைகளுக்கு அது பொறுக்கவில்லை. கண்டபடி தாக்கி எழுதின. பதில் சொல்ல நம்மவர்களிடம் சரியான பத்திரிகை இல்லை.

வாத்தியாருக்கு அப்போது வயது 23. அவரும், நண்பர் வீரராகவாச்சாரியாரும், சட்டம் படித்துக் கொண்டிருந்த மாணவர்கள் நாலு பேரும் கூடினார்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கினார்கள். செப்டம்பர் 20-ந் தேதி 'இந்து' பத்திரிகை வெளிவந்தது. அன்று அச்சிட்டது 80 பிரதிகள். முதலில் வாரப் பத்திரிகையாக இருந்து, 1889-ல் அது தினசரி ஆயிற்று.

இங்கிலீஷ் பத்திரிகை இங்கிலீஷ் படித்தவனுக்குத்தானே? குடியானவனுக்கும் கடைக்காரனுக்கும் நாட்டு நடப்பு தெரிய வேண்டும் என்று 1882-ல் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். 1899-ல் அதையும் தினசரியாக்கினார். வரி, பட்ஜெட், சட்டசபை என்று தமிழில் எழுதிப் பழக்கம் இல்லாத காலம் அது. இன்று தமிழ்ப் பேப்பர் கையில் எடுக்கிற ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்தான்.

ஒரே மண்டபத்தில் இருவர்

1885 டிசம்பரில் முதல் காங்கிரஸ் மாநாடு. புனாவில் நடப்பதாக இருந்தது. அங்கே காலரா பரவியதால் பம்பாய்க்கு மாற்றினார்கள்.

ரெய்ச்சூரில் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் இணைந்து 14 வருஷம் ஆகியிருந்தது. போரி பந்தரில் வி.டி. ஸ்டேஷன் கட்டடம் இன்னும் பாதியில் நின்றது. மாநாடு கூடிய இடம் கோவாலியா டாங்க் பக்கம் இருந்த கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரி. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் நடந்து போகும் தூரம்தான். வந்த பிரதிநிதிகள் 72 பேர்.

வேடிக்கை என்னவென்றால், அந்த 72 பேரில் சென்னையிலிருந்து வந்த சுப்பிரமணிய அய்யர்கள் இருவர். ஒருவர் மணி அய்யர். அப்போது நீதிபதி ஆகவில்லை. மற்றவர் நம் பத்திரிகைக்காரர். குழப்பம் அன்றே தொடங்கிவிட்டது என்று வைத்துக் கொள்ளலாம்.

டிசம்பர் 28-ந் தேதி மாநாடு கூடியது. இந்திய நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று விசாரிக்க ராயல் கமிஷன் வேண்டும் என்பது முதல் தீர்மானம். அதைக் கொண்டுவந்தவர் ஜி.சுப்பிரமணிய அய்யர். காங்கிரசின் முதல் தீர்மானம் திருவையாற்றுக்காரர் வாயிலிருந்து வந்தது.

மகளுக்கு மறுமணம்

நாலு வருஷம் கழித்து, 1889 டிசம்பரில் மறுபடியும் பம்பாயில் காங்கிரஸ் கூடியது. அய்யர் வந்தார். இந்தத் தடவை அவருக்கு இங்கே வேறொரு வேலையும் இருந்தது.

அவருடைய மூத்த மகள் சிவப்பிரியம்மாள் சிறு வயதிலேயே விதவை ஆகிவிட்டாள். விளையாடுகிற வயசு. அன்றைய வழக்கப்படி அவளுக்கு இனி பூவில்லை, பொட்டில்லை, நல்ல நாள் இல்லை. விதவைகள் மறுமணம் செய்யலாம் என்று 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் இருந்து என்ன? அக்கிரகாரத்தில் அந்தப் பேச்சை எடுக்க முடியாது.

அய்யர் குழந்தை மணம் கூடாது, விதவைக்கு மறுமணம் வேண்டும் என்று பத்திரிகையில் எழுதியவர். ஊராருக்கு எழுதுவது சுலபம். சொந்த வீட்டில் செய்வது வேறு. அவர் செய்தார். பம்பாய் மாநாட்டுச் சமயத்தில் மகளுக்கு மறுமணம் முடித்து வைத்தார். காங்கிரசை ஒட்டி ரானடே போன்றவர்கள் சமூகச் சீர்திருத்த மாநாடும் நடத்தி வந்த காலம். சென்னையில் கிடைக்காத ஆதரவு இங்கே இருந்தது.

திரும்பிப் போனபோது உறவுக்காரர்கள் வீட்டுப் படியேறவில்லை. சாதிக்காரர்கள் விலக்கி வைத்தார்கள். நல்லது கெட்டதுக்கு ஆள் வராத வீடு எப்படி இருக்கும் என்று ஊரிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் எழுத்தை நிறுத்தவில்லை.

1897-ல் லண்டன் போய், வெல்பி கமிஷன் முன்னால் சாட்சி சொன்னார். இந்தியாவின் வரிப்பணம் எப்படிச் செலவாகிறது என்பது விசாரணை. கோகலேயும் பம்பாய் வாச்சாவும் அதே கமிஷன் முன் சாட்சி சொன்னவர்கள். அடுத்த வருஷம் பங்காளி வீரராகவாச்சாரியாரோடு ஒத்துப்போகவில்லை. பத்திரிகைக்குப் பணக் கஷ்டமும் இருந்தது. தாமே தொடங்கிய 'இந்து'வை விட்டு வெளியேறினார். கையில் மிஞ்சியது 'சுதேசமித்திரன்'.

அந்தப் பத்திரிகைக்கு 1904-ல் ஒரு உதவி ஆசிரியர் தேவைப்பட்டார். மதுரை சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழ்ப் பண்டிதராக இருந்த, 22 வயதுகூட நிறையாத இளைஞரை அய்யர் அழைத்து வந்தார். அவர் பெயரும் சுப்பிரமணியம்தான். எட்டயபுரம் சுப்பிரமணிய பாரதி. இங்கிலீஷ் செய்திகளைத் தமிழாக்குவது வேலை. பாரதியின் உரைநடைக்கு அந்த மேஜை நல்ல பயிற்சி. 1906-ல் பாரதி இன்னும் காரமாக எழுத 'இந்தியா' பத்திரிகைக்குப் போனார்.

1908 இவர்கள் எல்லாருக்கும் சோதனையான வருஷம். ஜூலையில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தண்டிக்கப்பட்டார்கள். பாரதி புதுச்சேரிக்குத் தப்பினார். ஆகஸ்டில் ஜி.சுப்பிரமணிய அய்யர் ராஜத்துரோக வழக்கில் கைதானார். ஏற்கனவே அவருக்குத் தொழுநோய். சிறையில் உடம்பு தாங்கவில்லை. நன்னடத்தை ஜாமீன் எழுதிக் கொடுத்து வெளியே வந்தார். அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. புண்ணோடு இருந்த 53 வயது மனிதர் அவர்.

சிவாவுக்கும் சிறையில் அதே நோய் வந்தது என்பது கொடுமை. தொழுநோயாளி என்று அவரை ரயிலில் ஏறவிடவில்லை. ஊர் ஊராகக் கால்நடையாகப் போனார். ஆண்டாப் ஹில்லுக்குப் பக்கத்தில், வடாலாவில் உள்ள ஆக்வொர்த் தொழுநோய் ஆஸ்பத்திரி 1890-லேயே தொடங்கப்பட்டது. ஆனால் அந்த நாளில் நோயைத் தீர்க்கும் மருந்து கிடையாது. கூட்டு மருந்து வந்து நோய் முழுதாகக் குணமானது 1980-களில்தான்.

1915-ல் சென்னை வந்த காந்தி, அய்யரைச் சந்தித்தபோது அவர் புண்களைத் தம் துணியாலேயே துடைத்துவிட்டார் என்று சொல்வார்கள். அந்த ஆண்டே 'சுதேசமித்திரன்' ஏ.ரங்கசாமி அய்யங்கார் கைக்குப் போயிற்று. 1916 ஏப்ரல் 18-ந் தேதி ஜி.சுப்பிரமணிய அய்யர் காலமானார். வயது 61.

புதுச்சேரியிலிருந்து திரும்பிய பாரதி 1920-ல் மறுபடியும் 'சுதேசமித்திரன்' வேலையில் சேர்ந்தார். 1921 செப்டம்பரில் இறக்கும்போது அவர் அந்தப் பத்திரிகையில்தான் வேலை பார்த்துக் கொண்டிருந்தார்.