குணங்குடி மஸ்தான் சாகிபு வாழ்வில் தன்னாய்வும் தகுதி ஐயமும்

ஆய்வுச் சுருக்கம்

குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களில் மிகுதியாகக் காணப்படும் தன்னிகழ்ச்சிக் குரலைச் சித்தர் மரபின் தாக்கம் என்றோ பக்தி இலக்கியப் பொதுநெறி என்றோ கொள்வது ஆய்வாளர் வழக்கம். தான் தகுதியுடைய முஸ்லிமாக வாழ்கிறோமா என்னும் அச்சம் இஸ்லாமிய அறிவு மரபில் பெற்றுள்ள இடத்தை முன்வைத்து, அவரது வாழ்வை மீண்டும் வாசிக்க இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மஸ்தான் சாகிபு, சூபியம், முஹாசபா, ஷாஃபிஈ மரபு, கண்ணி, தன்னாய்வு

முன்னுரை

குணங்குடியாரைப் பற்றி எழுதியோர் பலரும் இரண்டு கேள்விகளில் ஒன்றை எழுப்பியுள்ளனர். அவர் தாயுமானவரிடம் பெற்றது எவ்வளவு என்பது ஒன்று. அவர் பாடியவை இஸ்லாத்திற்கு உட்பட்டவையா என்பது மற்றொன்று. முதற்கேள்வி இலக்கியவாணருடையது, இரண்டாவது சமய அறிஞருடையது. இரண்டுமே அவரைப் புறத்தே நின்று அளப்பவை. அவர் தம்மைத் தாமே அளந்த கோல் எது என்பது உரிய கவனம் பெறவில்லை. சமய அறிஞர் எழுப்பிய ஐயத்தை அவரே தம்மேல் எழுப்பிக்கொண்டவர் என்பதும், அவர் எழுப்பிய முறை அவர்களுடையதினும் கடுமையானது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

பிறப்பும் கல்வியும்

இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடி என்னும் சிற்றூரில் ஹிஜ்ரி 1207இல், அதாவது 1792ஆம் ஆண்டளவில், அவர் பிறந்தார். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். பக்தாதில் வாழ்ந்து 1166இல் மறைந்த முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானியின் பெயர் இது. தமிழகக் கடற்கரை ஊர்களில் பிள்ளைகளுக்கு அப்பெயரிடுவது பெருவழக்கு என்பதால் இதிலிருந்து பெரிதாக ஒன்றும் பெற முடியாது. ஆயினும், பின்னாளில் முகியித்தீன் சதகம் பாடிய கவிஞர் தாம் சுமந்த பெயருக்கு உரியவரையே முன்னிறுத்தி முறையிட்டார் என்பது நினைக்கத்தக்கது.

கல்வியின் பொருட்டு அவர் கீழக்கரைக்குச் சென்றார். தைக்கா சாகிபு என்று வழங்கப்பெற்ற சேகு அப்துல் காதிர் லெப்பை ஆலிமிடம் அரபும் சமயக் கல்வியும் பயின்றார். கீழக்கரை அந்நாளில் வெறும் துறைமுகமன்று. அரபுத்தமிழ் நூல்கள் எழுந்த கல்விக்களம். சட்ட நெறியில் அவ்வூர் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தது. உள்நாட்டு ராவுத்தர் சமூகத்தார் ஹனஃபி நெறியினராக இருக்க, கடற்கரை மரைக்காயரும் லெப்பையரும் ஷாஃபிஈ நெறியினராக இருப்பது கடல்வழி வணிகத் தொடர்பின் விளைவு. தொழுகையில் கை கட்டும் இடம் போன்ற சிறு வேறுபாடுகளாகவே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. நம் பொருளுக்கு வேண்டிய வேறுபாடு அதனினும் ஆழமானது.

ஒருவன் தன்னை நம்பிக்கையாளன் என்று சொல்லிக்கொள்ளும்போது இன்ஷா அல்லாஹ், அதாவது இறைவன் நாடினால், என்று சேர்த்துச் சொல்லலாமா என்பது இறையியலாரிடையே நெடுங்காலம் நிகழ்ந்த வாதம். ஹனஃபிகள் கூடாது என்பர். அது தன் நம்பிக்கையையே ஐயுறுவதாகும் என்பது அவர்கள் வாதம். ஷாஃபிஈ, அஷ்அரி மரபினர் சொல்லலாம் என்பர்; ஒருவன் எந்நிலையில் இறப்பான் என்பது அவனுக்குத் தெரியாது, முடிவு தெரியாதவன் தன்னைப் பற்றி உறுதிகூறுவது பொருந்தாது என்பது அவர்கள் வாதம். தன் தகுதியைப் பற்றிய ஐயத்திற்கு இலக்கண வழியிலேயே இடம் விட்டுவைத்த மரபு இது. இளம் அப்துல் காதிர் கற்றது இந்த மரபில்.

மணம் மறுத்தல்

பதினேழாம் வயதில் அவருக்கு மாமன் மகளை மணமுடிக்க வீட்டார் முனைந்தனர் என்றும், அவர் அதனை மறுத்து இல்லம் துறந்தார் என்றும் வரலாறு உரைப்போர் கூறுவர். தமிழ்த் துறவியர் வரலாறுகளில் இது பழகிய நிகழ்ச்சி. எனவே தமிழ் வாசகர் இதனை எளிதாகக் கடந்து செல்கின்றனர். முஸ்லிம் வாசகர் அவ்வாறு கடக்க இயலாது. மணம் நபிவழி, துறவற மடம் இஸ்லாத்தில் ஊக்குவிக்கப்படவில்லை. நல்ல முஸ்லிமாக வாழ விரும்பிய இளைஞர், நல்ல முஸ்லிமின் முதல் அடையாளங்களுள் ஒன்றைக் கைவிட்டார்.

இம்முரணை அவர் அறியாதவரல்லர். தைக்கா சாகிபின் மாணவர் அதனை அறியாதிருக்க வழியில்லை. கஸ்ஸாலியின் இஹ்யா உலூமித்தீன் மணத்தின் நன்மைகளோடு அதன் கேடுகளையும் எண்ணிக் காட்டி, யாருக்கு மணம் சிறந்தது, யாருக்குத் தனிமை சிறந்தது என்று ஆராய்கிறது. மறுப்புக்கு நூல்வழி ஆதரவு உண்டு. ஆனால் நூல்வழி ஆதரவு பெற்ற செயல் மன அமைதி தரும் என்பதில்லை. பின்னாளில் அவர் பாடல்களில் புலனின்ப மயக்கத்தைப் பற்றிய பழிப்பு மீண்டும் மீண்டும் வருவதைப் பொதுமரபு என்று ஒதுக்குவோர், மணத்தை மறுத்த ஒருவர் அம்மரபைக் கையாளும்போது அது பெறும் கனத்தையும் எண்ண வேண்டும். இல்லறத்தான் காமத்தைப் பழிப்பது வேறு. அதை விட்டுவிட்டதாக ஊரறிய அறிவித்தவர், அது தம்மை விட்டதா என்று வினவுவது வேறு.

மரபில் இக்கேள்வி

குணங்குடியாரின் அச்சம் தனிமனிதர் ஒருவரின் மனக்கோளாறன்று. இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே அதற்கு முன்னோடிகள் உண்டு. ஹன்ழலா என்னும் நபித்தோழர் தம்மை நயவஞ்சகர் என்று கருதி அஞ்சினார். நபியின் முன்னிலையில் இருக்கும்போது மறுமை கண்முன் தெரிகிறது. வீடு திரும்பி மனைவி மக்களோடு கலந்ததும் அது மறைந்துவிடுகிறது என்பது அவர் கவலை. அபூபக்ரும் தமக்கு அவ்வாறே நிகழ்வதாகச் சொல்ல, இருவரும் நபியிடம் சென்றனர். இந்நேரம் இதற்கு, அந்நேரம் அதற்கு என்னும் பொருள்பட அவர் ஆறுதல் கூறியதை முஸ்லிமின் ஹதீஸ் தொகுப்பு பதிவு செய்துள்ளது. கலீபா உமர், நயவஞ்சகர் பெயர்களை அறிந்தவராகக் கருதப்பட்ட ஹுதைஃபாவிடம் தம் பெயர் அவற்றுள் உள்ளதா என்று கேட்டார் என்பதும் மரபு வழங்கும் செய்தி.

இவ்வச்சத்தை ஒரு பயிற்சியாக வகுத்தவர் பக்தாதில் வாழ்ந்து 857இல் மறைந்த ஹாரிஸ் அல்முஹாசிபி. முஹாசபா என்றால் கணக்குப் பார்த்தல். நாள்தோறும் மனத்திடம் கணக்குக் கேட்டதால் அவருக்கு அப்பெயர். அவருக்குப் பின் இதே கேள்வியில் வாழ்க்கையே திசைமாறியவர் கஸ்ஸாலி. பக்தாத் நிஜாமிய்யா கல்லூரியின் ஆசிரியராக 1091இல் அமர்ந்த அவர், தம் போதனை இறைவனுக்காகவா புகழுக்காகவா என்னும் ஐயத்தால் நாவெழாமல் தவித்து, 1095இல் பதவியைத் துறந்து வெளியேறினார். தொழுகையும் நோன்பும் குறைவின்றி நிறைவேற்றிய பேரறிஞர் அவர். அவர் அஞ்சியது செயலின் குறையை அன்று; எண்ணத்தின் கலப்பை.

இங்கு ஒரு வேறுபாட்டைச் சுட்ட வேண்டும். உளூ சரியாகச் செய்தோமா என்று மீண்டும் மீண்டும் கழுவுவதும், தொழுகையின் தொடக்கத் தக்பீரைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் வஸ்வாஸ் எனப்படும். சட்ட நூலார் அதனைக் கண்டிப்பர். முஹாசபா அதுவன்று. முன்னது புறச்செயலைச் சுற்றியே சுழல்வது. பின்னது செயலின் பின்னுள்ள எண்ணத்தைத் தேடுவது. குணங்குடியார் பாடல்களில் முன்னதன் சாயல் இல்லை.

திருச்சி முதல் இராயபுரம் வரை

1813ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் மௌலவி ஷாம் சாகிபிடம் அவர் தீக்கை பெற்றார் என்பர். அதன்பின் திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் 40 நாள் சில்லா இருந்தார். நாற்பது என்னும் பாரசீகச் சொல்லின் வழி வந்த பெயர் சில்லா. உணவைச் சுருக்கி, தனித்திருந்து, திக்ரில் ஈடுபடும் நோன்பு அது. அறந்தாங்கிப் பகுதியிலும் தொண்டிக்கு அருகிலும் தனித்திருந்தார் என்ற செய்திகளும் உண்டு. காடும் மலையுமாக அலைந்த இவ்வாண்டுகளைப் பற்றி அற்புதக் கதைகள் பல வழங்குகின்றன. அவை நம் பொருளுக்கு உதவா.

இறுதியில் அவர் தங்கியது வடசென்னையின் இராயபுரத்தில். மஸ்தான் என்னும் பெயர் நிலைத்ததும் இங்குதான். மஸ்து என்றால் போதை. இறைக்காதலால் தன்னிலை மறந்தவர் மஸ்தான். மக்கள் அன்போடு இட்ட பெயரே ஆயினும் அதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. அறிவு கலங்கியவர்மேல் தொழுகை முதலிய கடமைகள் சாரா என்பது பொதுவிதி. மஸ்தான் என்று அழைப்பது அவரை மன்னித்து விடுவதும் ஆகும். விதிகளால் அளக்கப்படும் கூட்டத்திலிருந்து விலக்கி வைப்பதும் ஆகும். அந்த மன்னிப்பை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்றே பாடல்கள் காட்டுகின்றன. யாப்பும் எதுகையும் பிறழாது நூறு பாடல் கொண்ட சதகங்கள் இயற்றியவர் அறிவு கலங்கியவர் அல்லர். தவநிலை, துறவுநிலை, தியானநிலை, சமாதிநிலை என்று படிவகுத்துப் பாடியவர், தாம் எப்படியில் நிற்கிறோம் என்பதை அறிய விரும்பியவரே.

பாடல்கள் காட்டும் அளவுகோல்

அகத்தீசர் சதகம், நந்தீசர் சதகம், மனோன்மணிக்கண்ணி ஆகிய பெயர்களே ஒரு சாராருக்கு ஐயம் எழுப்பப் போதுமானவை. இறைவனை மனோன்மணி என்னும் பெண்ணாக விளிப்பது இஸ்லாமா என்பர். கெய்ரோவில் 1235இல் மறைந்த இப்னுல் ஃபாரிள் அரபிக் கவிதையில் இறைக்காதலைப் பெண்பால் விளியில் பாடியவர். குணங்குடியார் செய்தது அம்மரபைத் தமிழில் கிடைத்த சொல்லால் நிகழ்த்தியது. இவ்விடை சமய அறிஞர் அனைவரையும் நிறைவுபடுத்தும் என்று கருதவில்லை. நிறைவுபடுத்துவது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று.

கண்ணி வடிவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாயுமானவரின் பராபரக்கண்ணி 389 கண்ணிகள் கொண்டது. எந்நாட்கண்ணி என்ற தலைப்பும் அவருடையது. குணங்குடியாரின் பராபரக்கண்ணியும் எக்காலக்கண்ணியும் அவற்றின் வழிவந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் வடிவத்தைப் பெற்றவர் அதனை எதற்குப் பயன்படுத்தினார் என்பது தனிக்கேள்வி. எக்காலம் என்று முடியும் இரண்டடி, அடைந்தேன் என்று சொல்லவே இடந்தராத வடிவம். ஒவ்வொரு கண்ணியும் ஒரு குறையை ஒப்புக்கொண்டு, அது தீரும் நாளைக் கேட்டு, விடையின்றி முடிகிறது. அடுத்த கண்ணி மீண்டும் தொடங்குகிறது. முடிவு தெரியாதவன் தன்னைப் பற்றி உறுதிகூறலாகாது என்று கீழக்கரையில் கற்ற பாடமும், தாயுமானவரிடம் கண்ட வடிவமும் இங்குப் பொருந்திவிட்டன. இதனைத் தாக்கம் என்னும் ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது.

ரகுமான்கண்ணியைப் பற்றிப் பேசும்போது ஒரு செய்தி. குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயம் (55:14) மனிதன் சுட்ட மட்கலம்போல ஓசையெழும் களிமண்ணால் படைக்கப்பட்டதைக் கூறுகிறது. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் வளர்ந்தவர்க்கு அவ்வோசை பழக்கமானது. சூளையிலிருந்து இறங்கிய கலத்தை விரலால் தட்டிப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் மணியோசை வராது. மங்கிய ஒலியே வரும். மஸ்தான் சாகிபு தம் மனத்தைத் தட்டிக்கொண்டே இருந்தவர் என்று கட்டுரையாளருக்குத் தோன்றுவதற்கு இவ்வூர்ப் பழக்கமும் ஒரு காரணமாகலாம்.

முகியித்தீன் சதகத்தில் அவர் தம் ஞானகுருவைக் குணங்குடியில் வாழ்பவராகவே விளிக்கிறார். பக்தாதில் அடங்கியவரைத் தாம் துறந்துவந்த சிற்றூரில் குடியமர்த்துகிறார். குணங்குடி என்பதைக் குணங்கள் குடிகொண்ட இடம் என்று தத்துவப் பொருள் கொள்வாரும் உளர், அப்பொருளும் பொருந்தும். ஆனால் மணப்பேச்சும் மறுப்பும் நிகழ்ந்த ஊரின் பெயர் அது என்பதை மறந்துவிட்டுத் தத்துவம் மட்டும் கொள்வது முறையாகாது. வீட்டை விட்டுச் சென்றவர் அவ்வீடிருந்த ஊரின் பெயராலேயே நூறு பாடலிலும் முறையிடுகிறார்.

இராயபுரத்தில் அவரைச் சூழ்ந்தவர்களுள் முஸ்லிம் அல்லாத தமிழ்ப் புலவர்களும் இருந்தனர். ஐயாசாமி முதலியார் அவர்மேல் பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் நான்மணிமாலை பாடினார். இரண்டிலும் அவர் நிறைநிலை அடைந்த ஞானகுருவாகவே போற்றப்படுகிறார். அவர் தம்மைப் பற்றிப் பாடியதையும் பிறர் அவரைப் பற்றிப் பாடியதையும் அடுத்தடுத்து வாசிப்பவர்க்கு இருவேறு மனிதரைப் படிப்பதாகவே தோன்றும். ஹிஜ்ரி 1254இல், அதாவது 1838இல், அவர் மறைந்தார். வயது 47 என்று எழுதப்படுவது ஹிஜ்ரிக் கணக்கு. ஆங்கில ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 46 ஆகும். அவரது தர்கா தண்டையார்பேட்டையில் உள்ளது. தொண்டியிலிருந்து வந்த தொண்டியாரின் பெயரே அப்பேட்டைக்கு அமைந்தது என்று ஒரு வழக்கும் அப்பகுதியில் உண்டு.