ஹே ஃபீவர்: தும்மலுக்குக் காரணம் தேடி பட்டம் விட்ட டாக்டர்! யார் இந்த பிளாக்லி?

வருஷத்தில் குறிப்பிட்ட சில வாரங்கள் மட்டும் விடாத தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு. சீசன் முடிந்ததும் தானாகவே சரியாகிவிடும். இதைத்தான் 'ஹே ஃபீவர்' என்கிறார்கள். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடம்பு கொதிக்காது. காய்ந்த புல்லும் உண்மையான குற்றவாளி இல்லை. அப்படியென்றால் காரணம் என்ன? அதை நிரூபித்தவர்தான் சார்லஸ் ஹாரிசன் பிளாக்லி.

யார் இவர்?

1820-ல் இங்கிலாந்தின் போல்டன் நகரில் பிறந்தவர். முதலில் அச்சுத் தொழில் பார்த்தார். 30 வயதைத் தாண்டிய பிறகுதான் மருத்துவம் படித்து, மான்செஸ்டரில் டாக்டரானார். அவருக்கே ஹே ஃபீவர் இருந்தது. கோடை வந்தாலே அவஸ்தைதான்.

அதற்கு முன் என்ன நினைத்தார்கள்?

இந்த நோயை 1819-ல் முதன்முதலில் விரிவாக எழுதியவர் ஜான் போஸ்டாக் என்ற டாக்டர். அவர் விவரித்த நோயாளியே அவர்தான். ரத்தத்தை வெளியேற்றுவது, அபின் என்று எதை எதையோ முயன்றும் பலனில்லை. கடைசியில் ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில் வீடு எடுத்து, கோடையை உள்ளேயே கழித்தார். ஓரளவு நிம்மதி கிடைத்தது. ஆனால் வெயில்தான் காரணம் என்றே கடைசி வரை நம்பினார். அவர் கண்ட வழி சரி, சொன்ன காரணம் தவறு.

பிளாக்லி என்ன செய்தார்?

யூகத்தை நம்பாமல், சந்தேகப்பட்ட ஒவ்வொன்றையும் தன் உடம்பிலேயே சோதித்தார். வெப்பம், வெளிச்சம், ஓசோன், காய்ந்த புல்லுக்கு வாசனை தரும் கூமரின் என எதுவுமே அந்த நோயைக் கொண்டு வரவில்லை. புல்லின் மகரந்தத்தை மூக்கில் வைத்ததும் தும்மல் பிடித்துக்கொண்டது! தோலை லேசாகச் சுரண்டி மகரந்தம் வைத்தார். அந்த இடம் அரித்து வீங்கியது. இன்று அலர்ஜி டெஸ்ட்டில் தோலில் குத்திப் பார்க்கிறார்களே, அதற்கு முன்னோடி இதுதான்.

பட்டம் எதற்கு?

பிசுபிசுப்பான திரவம் தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் வைத்து, ஒட்டிய மகரந்தத் துகள்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணினார். எண்ணிக்கை கூடினால் அவர் தொல்லையும் கூடியது. மழை பெய்தால் இரண்டுமே குறைந்தன. அதே கண்ணாடிகளைப் பட்டத்தில் கட்டி 1,000 அடிக்கும் மேலே அனுப்பினார். அங்கேயும் மகரந்தம் சிக்கியது. அதாவது புல்வெளி பக்கத்தில் இல்லாவிட்டாலும், காற்று அதை நம் மூக்குக்கே கொண்டு வந்துவிடும்.

1873-ல் இதையெல்லாம் புத்தகமாக வெளியிட்டார். சார்லஸ் டார்வினுடனும் கடிதத் தொடர்பு இருந்தது. ஆனால் மருத்துவ உலகம் உடனே ஏற்கவில்லை. கிருமிதான் காரணம், நரம்புக் கோளாறுதான் காரணம் என்று பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிளாக்லி 1900-ல் இறந்தார். 11 வருஷம் கழித்து, 1911-ல், லண்டனில் லியோனார்ட் நூன் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டு அளித்த சிகிச்சையை வெளியிட்டார்.

இன்று நமக்கு என்ன பயன்?

தவிர்க்க வேண்டியது எது என்று தெரிந்ததால்தான் தவிர்க்கவே முடிகிறது. ஹே ஃபீவர் உள்ளவர்களுக்கு டாக்டர்கள் சொல்லும் டிப்ஸ் இவை:

* மகரந்தம் அதிகமுள்ள நாட்களில் ஜன்னலை மூடி வையுங்கள்.
* வெளியே போகும்போது மாஸ்க், பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி அணியுங்கள்.
* வீட்டுக்கு வந்ததும் குளித்து, துணியை மாற்றுங்கள்.
* சீசனில் துவைத்த துணியை வெளியே காயப்போடாதீர்கள்.
* புல் வெட்டும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

இவை தொல்லையைக் குறைக்கும், முழுசாக நிறுத்தாது. அதனால் அலர்ஜி மாத்திரை, மூக்கு ஸ்ப்ரே பற்றி டாக்டரிடம் கேளுங்கள். எந்த மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் டெஸ்ட்டில் தெரிந்துகொள்ளலாம். மூச்சுத் திணறலோ, மூச்சுவிடும்போது விசில் சத்தமோ வந்தால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். அது ஆஸ்துமாவாக இருக்கலாம்.