விடை தாமதித்த செபம்

என் அப்பா பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பேராக் மாநிலத் தோட்டமொன்றில் பால்மரம் சீவி எங்களை ஆளாக்கியவர் அவர். அந்தத் தோட்டம் இன்று செம்பனைக் காடாகிவிட்டது. அம்மா மட்டும் ஒவ்வொரு மாலையும் செபமாலையை விடாமல் சொல்லி வருகிறார். முதலாண்டில் நானும் அவரோடு முழந்தாளிட்டேன். பிறகு நிறுத்திவிட்டேன். கேட்டுக் கிடைக்காததை எத்தனை நாள்தான் கேட்பது?

அந்த மனநிலையில் இருந்தபோதுதான் சிபில் கார்த்திகேசுவின் வரலாற்றைப் படித்தேன். நம்மில் பலருக்கு அவர் ஈப்போவின் ஒரு சாலைப் பெயர் மட்டுமே.

1899ஆம் ஆண்டு சுமத்ராவின் மேடான் நகரில், ஐரோப்பிய ஆசியக் கலப்புக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். 1919இல் இலங்கைத் தமிழரான மருத்துவர் கார்த்திகேசுவைக் கோலாலம்பூரில் மணந்தார். அதே ஆண்டு பிறந்த முதல் மகன் மைக்கேல் 19 மணி நேரமே உயிரோடிருந்தான். எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகளைக் கையில் ஏந்தவிருந்த அவரால், தன் பிள்ளையைக் காப்பாற்ற இயலவில்லை. ஆயினும் அவர் தம் கத்தோலிக்க நம்பிக்கையைக் கைவிடவில்லை. வில்லியம் என்ற பிள்ளையைத் தத்தெடுத்து வளர்த்தார். பின்னர் ஓல்கா, டாவுன் என்ற இரு மகள்கள் பிறந்தனர்.

1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலையில் கணவரின் மருந்தகத்தில் பணியாற்றினார். கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசியதால் சீன மக்களும் அவரை நம்பி வந்தனர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தபோது குடும்பம் அருகிலுள்ள பாப்பான் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 74ஆம் எண் கடைவீட்டில், காயமுற்ற எதிர்ப்புப் படையினருக்கு இரவில் இரகசியமாகச் சிகிச்சை அளித்தார். தடை செய்யப்பட்ட வானொலியை ஒளித்து வைத்து உலகச் செய்திகளைக் கேட்டார்.

1943இல் ஜப்பானிய இராணுவக் காவல்படையினர் அவரைக் கைது செய்தனர். அடி, உதை, நீர்ச் சித்திரவதை எதற்கும் அவர் ஒருவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. ஏழே வயதான டாவுனைக் கயிற்றில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டியும் மிரட்டினர். ஒரு ஜப்பானிய அதிகாரி தலையிட்டதால் குழந்தை தப்பியது. சிபிலுக்கு ஆயுள் தண்டனை. பத்து காஜா சிறையில், முதுகெலும்பு பாதிக்கப்பட்டு நடக்க முடியாத நிலையிலும் அவர் செபித்துக்கொண்டே இருந்தார்.

1945இல் ஜப்பான் சரணடைந்ததும் விடுதலை வந்தது. ஆனால் உடல் நலம் திரும்பவில்லை. சிகிச்சைக்காகப் பிரிட்டன் சென்ற அவருக்கு, வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. தாடையில் பட்ட பழைய உதையின் காயம் நச்சாகி, 1948 ஜூன் 12 அன்று அங்கேயே இறந்தார். அவருக்கு வயது 48. மறு ஆண்டு அவரது உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு நல்லடக்கம் செய்யப்பட்டது. அவர் எழுதிய நினைவுநூல் 1954இல்தான் வெளிவந்தது. அதை அச்சில் காண அவர் இல்லை.

இந்த வாழ்வை வெற்றிக் கதையாக என்னால் படிக்க முடியவில்லை. மகன் பிழைக்கவில்லை, உடல் தேறவில்லை. விடுதலை வந்தும் மூன்று ஆண்டுகளுக்குள் மரணம் வந்தது. கேட்டதெல்லாம் கிடைத்ததால் நம்பியவர் அல்லர் அவர். கிடைக்காத காலத்திலும் நோயாளிக்குக் கட்டுப்போட்டார், தோழர்களைக் காத்தார், செபித்தார். காத்திருப்பது என்பது கைகட்டி உட்கார்ந்திருப்பது அன்று என்பதை அவரிடமிருந்து அறிந்துகொண்டேன்.

அதன் பின்தான் அம்மாவை நான் சரியாகப் பார்த்தேன். செபமாலை முடிந்ததும் அவர் எழுந்து அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பார், முதுகுக்கு மருந்து தடவுவார், கஞ்சி ஊட்டுவார். அவருடைய செபத்தின் பாதி அந்தக் கைகளில்தான் இருந்தது. நானோ இரண்டையும் விட்டிருந்தேன்.

கடந்த விடுமுறையில் வீடு சென்றபோது மீண்டும் அம்மாவின் அருகில் முழந்தாளிட்டேன். அப்பா இன்னும் நடக்கவில்லை. அன்றிரவு அவருக்குக் கஞ்சி ஊட்டியது நான்.