ஆதி ஒளியும் டாக்டர் சாஹாவும்

பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாய்க் கிடக்கிறது. அதன் வயது சுமார் 12 கோடி ஆண்டு. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளிலோ பண்டைக் கடற்பிராணிகளின் உருவங்கள் பதிந்திருக்கின்றன. இவற்றினும் பழமையான சின்னம் ஒன்று வானெங்கும் பரவியிருக்கிறது. அது 1380 கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஒளி. அவ்வொளி எப்போது விடுதலை பெற்றது என்று கணக்கிட வழி வகுத்தவர் நம் தேசத்து மேதை டாக்டர் மேகநாத சாஹா.

1893 அக்டோபர் 6-ந் தேதி, டாக்காவுக்கு அருகே ஒரு குக்கிராமத்தில் ஏழை மளிகைக்காரரின் மகனாகப் பிறந்தார் சாஹா. வங்கப் பிரிவினை நடந்த 1905-ல், கவர்னர் விஜயத்தைப் பகிஷ்கரித்த குற்றத்திற்காகப் பள்ளியினின்றும் நீக்கப்பட்டார். உபகாரச் சம்பளமும் பறிபோயிற்று. பின்னர் கல்கத்தா மாணவர் விடுதியில் ஜாதியின் பேரால் அவமதிப்பும் நேர்ந்தது. அன்னிய ஆட்சியின் கொடுமையும் நம்மவர் கொடுமையும் சேர்ந்தும் அவருடைய கல்வியைத் தடுக்க முடியவில்லை.

வாயு கடும் உஷ்ணமடைந்தால் அதன் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழக்கும். எந்த உஷ்ணத்தில், எந்த அழுத்தத்தில், எத்தனை பங்கு அணுக்கள் இழக்கும் என்று அளந்து கூறும் சமன்பாட்டை 1920-ல் சாஹா வெளியிட்டார். நட்சத்திரங்களின் உஷ்ணத்தை அவற்றின் ஒளியிலிருந்தே அறிய அது வழி காட்டியது. 1927-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கிக் கொண்டது.

ஆதியில் பிரபஞ்சமும் கொதிக்கும் வாயுவாகவே இருந்தது. தனித்துத் திரிந்த எலெக்ட்ரான்கள், பனிமூட்டம் விளக்கொளியைச் சிதறடிப்பதுபோல், ஒளியைச் சிதறடித்தன. சுமார் 3,80,000 ஆண்டுகள் கழிந்து உஷ்ணம் 3000 டிகிரியளவுக்குத் தணிந்ததும், அவை அணுக்களில் அடங்கின. ஒளிக்குத் தடை நீங்கிற்று. இந்நிகழ்ச்சியைக் கணக்கிடப் புகுவோர் முதலில் கையாளுவது சாஹாவின் சமன்பாட்டையே. பிரபஞ்சம் விரிய விரிய அவ்வொளியும் குளிர்ந்து நுண்ணலையாயிற்று. 1964-ல் அமெரிக்காவில் பென்ஸியாஸ், வில்ஸன் என்னும் இருவர் தங்கள் ரேடியோக் கருவியில் அதைக் கண்டனர். சாஹாவோ 1956 பிப்ரவரி 16-ந் தேதியே டில்லியில் காலமாகிவிட்டார்.

அவர் ஆராய்ச்சிச் சாலையோடு நின்றவரல்லர். 1938-ல் காங்கிரஸ் அமைத்த தேசியத் திட்டக் கமிட்டியில் உழைத்தார்; 1952-ல் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வறுமையைப் போக்க விஞ்ஞானமே கருவி என்பது அவர் கொள்கை.

அரியலூர், பெரம்பலூர்க் கிராமப் பள்ளிகளிலும் மேகநாதர்கள் இருக்கக்கூடும். கட்டணமோ, ஜாதியோ, ஆய்வுக் கருவியின் குறைவோ அவர்களைத் திருப்பியனுப்பினால், நஷ்டம் அவர்களுடையதன்று, தேசத்தினுடையது. அந்நஷ்டம் நேராமற் காப்பதே சாஹாவுக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலி.