அரங்கநாதன் இடித்த மதில்கள்

திருவரங்கத்துக் கோயிலுக்கு ஏழு திருச்சுற்றுகள். ஏழு மதில்களைக் கடந்து உள்ளே சென்றால், அங்கே அரங்கநாதர் அறிதுயில் கொண்டிருக்கிறார் என்பர். நாம் எழுத எடுத்துக்கொண்டது அவரைப் பற்றியல்ல. அதே பெயர் தாங்கி, துயிலாமல் உழைத்து, ஏடுகளைச் சுற்றி எழும்பியிருந்த மதில்களை இடித்த மனிதரைப் பற்றி! சீர்காழியிலே பிறந்து, இந்திய நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். அரங்கநாதன் பற்றி!

பார்ப்பனக் குடும்பத்திலே பிறந்தவராயிற்றே, அவருக்கு நமது ஏட்டிலே இடமா என்று தோழர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். ஆம், பிறந்தார். பக்தராகவும் வாழ்ந்தார். நமது கொள்கைக்காரர் அல்லர். ஆனால், பிறப்பைக் காட்டிப் பெருமை கேட்பதை ஏற்காத நாம், பிறப்பைக் காட்டிப் பெருமையை மறுப்பதையும் ஏற்பதற்கில்லை. நீ படிக்காதே என்று பெரும்பாலோரை விரட்டிய நாட்டிலே, எவரும் வரலாம், எடுக்கலாம், படிக்கலாம் என்று ஏற்பாடு செய்தவர் எவராயினும், அவர் செய்த பணி நமது பணியே!

1892 ஆகஸ்டில் பிறந்த அரங்கநாதன், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். நாக்கு திக்கும், அந்தக் குறையை வென்றார். கிறித்தவக் கல்லூரியிலே கணிதம் கற்றார்; மங்களூர், கோவை, சென்னைக் கல்லூரிகளிலே ஆசிரியரானார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சில நாட்களிலேயே சலிப்பு! பேச ஆளில்லை, பார்க்க முகமில்லை. கல்லூரிக்கே போய்விடுகிறேன் என்றார். லண்டன் சென்று பயிற்சி பெற்று வாரும், பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்றனர். சென்றார். நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைக் கண்டார். உழைப்பாளியும் பெண்டிரும் சிறுவரும் அங்கே உரிமையோடு நுழைவதைக் கண்டார். 1925இல் திரும்பியபோது, அவர் புது மனிதர்!

பூட்டிய அலமாரி, சாவிக்கொத்து, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வாசகர் என்றிருந்த நிலையை மாற்றினார். வாசகரே அலமாரியிடம் செல்லலாம், தொட்டுப் பார்க்கலாம், புரட்டிப் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்நின்றார். 1931இல் ஐந்து விதிகளை வகுத்து நூலாக்கினார். நூல் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கு. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். இவைதாம் அவற்றின் சாரம். இரண்டாவது விதியை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் என்கிறது, உயர்ந்தவருக்கு என்றா சொல்கிறது? வசதி படைத்தவருக்கு என்றா சொல்கிறது? சமத்துவம் அன்றோ அது!

1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். லண்டன் கடையொன்றிலே, சிறு இரும்புத் துண்டுகளைத் திருகாணியால் பூட்டி, வண்டியாகவும் பாலமாகவும் ஆக்கிக் காட்டும் மெக்கானோ விளையாட்டைப் பார்த்துப் பிறந்த எண்ணம் அது. பொன்மலைப் பணிமனைத் தோழருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? நுரையீரல், காசநோய், மருத்துவம், இந்தியா, இன்ன ஆண்டு என்று பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி தந்தார். குறிகளைப் பூட்டி நூலுக்கு எண் ஆக்கினார். அந்த எண்தான் நூலின் வீட்டு முகவரி!

பள்ளிச் சிறுவரை அவர் மறக்கவில்லை. பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே 1942இல் தனி நூல் எழுதினார். இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். அலமாரி திறந்திருக்கிறது. உழைப்பாளியின் பிள்ளை உள்ளே நுழைகிறான். வரிசை வரிசையாய் நூல்கள்! எதை எடுப்பது? எங்கே தேடுவது? கைக்கு எட்டியதைப் புரட்டுகிறான், வைக்கிறான், வெளியேறுகிறான். ஏழு மதிலும் இடிந்தபின், கண்ணுக்குத் தெரியாத எட்டாவது மதில் அது! படித்த வீட்டுப் பிள்ளைக்குத் தந்தை சொல்லித் தருகிறார். நம் பிள்ளைக்கு யார் சொல்லித் தருவது?

சொல்லித் தருவது கடினமுமல்ல. தலைப்புப் பக்கம் நூலின் முகம்: நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் அங்கே இருக்கும். அதன் பின்புறம் பதிப்பாண்டு. பழைய செய்தியா, புதிய செய்தியா என்று அது காட்டும். பொருளடக்கம் நூலின் வழிகாட்டி. கடைசியில் உள்ள சொல்லடைவு, தேடும் செய்தி எந்தப் பக்கத்தில் என்று சொல்லும். முதுகிலே ஒட்டிய எண், எந்தத் தட்டு என்று சொல்லும். ஒரு மாலைப் பொழுது போதும். கற்றுக்கொண்ட சிறுவன் பிறகு எவர் தயவையும் நாட வேண்டியதில்லை!

நாடு விடுதலை பெற்றபின், 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம். அதற்காகப் பல்லாண்டு வாதாடியவர் அரங்கநாதன். அந்தச் சட்டத்தின்படி நூலகத்துக்கென வரி உண்டு. தோழரே, உமது வீட்டுக்குச் செலுத்தும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. உமது பணத்தில் நடப்பது அது; இனாம் அல்ல! தாம் சேர்த்த ஒரு லட்ச ரூபாயையும் நூலகக் கல்விக்கே தந்த அந்தப் பெரியவர், 1972 செப்டம்பரில் மறைந்தார்.

திருச்சிக்குப் பெரிய நூலகம் அமைக்கப்படும் என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சி! ஆனால் கட்டடம் மட்டும் எட்டாவது மதிலை இடிக்காது. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு படிப்பகம் வைத்து, நாளேட்டை உரக்கப் படித்து, எழுத்தறியாதவருக்கும் உலகைக் காட்டிய இயக்கம் நமது இயக்கம். அந்த வேலை முடிந்துவிடவில்லை. உறையூரிலும் பொன்மலையிலும் திருவரங்கத்திலும் உள்ள தோழர்களே! இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பேரைத் திரட்டுங்கள். நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு நூலைக் கையிலே கொடுத்து, முகம் எது, முகவரி எது என்று காட்டுங்கள். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்!