சூரியனின் மறைந்த ஒளியைத் தேடியவர்: மேகநாத் சாஹா (1893–1956)

டாக்காவுக்கு அருகே ஒரு சிற்றூரில், 1893 அக்டோபர் 6 ஆம் நாள், மளிகைக் கடைக்காரர் ஒருவரின் எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாமவராகப் பிறந்தார் மேகநாத் சாஹா. மகன் கடையில் உட்கார்ந்தால் போதும் என்பது தந்தையின் எண்ணம். மருத்துவர் ஒருவர் தம் வீட்டில் இடமும் உணவும் தந்ததால் படிப்பு தொடர்ந்தது. 1905 இல் வங்கப் பிரிவினைக் கொந்தளிப்பின் போது, கவர்னர் வருகையைப் புறக்கணித்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்; உதவித்தொகையும் போயிற்று. வேறு பள்ளியில் படித்து, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியை அடைந்தார். அங்கே சத்யேந்திரநாத் போஸ் அவரது வகுப்புத் தோழர்.

1920 இல் அவர் வெளியிட்ட அயனியாக்கக் கோட்பாடு வானியலையே மாற்றியது. வெப்பம் மிகுந்து அழுத்தம் குறைந்தால் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழக்கின்றன. நிறமாலைக் கோடுகளைக் கொண்டே விண்மீனின் வெப்பநிலையைக் கணிக்கலாம் என்று அது காட்டியது.

ஆனால் ஒரு குறை அவரை உறுத்தியது. சூரிய வளிமண்டலத்தில் மிகுந்துள்ள ஹைட்ரஜன், ஹீலியம் ஆகியவற்றின் முதன்மைக் கோடுகள் புறஊதாப் பகுதியில் உள்ளன. ஏறத்தாழ 290 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீள ஒளியை ஓசோனும் ஆக்சிஜனும் தடுத்துவிடும். உயிர்களைக் காக்கும் போர்வையே வானியலாருக்குத் திரையாயிற்று. ஓசோன் படலத்துக்கு மேலே கருவியைக் கொண்டுபோய்ச் சூரியனைக் காண வேண்டும் என்று 1937 இல் ஹார்வர்டு வானாய்வக வெளியீடொன்றில் சாஹா எழுதினார். அவ்வளவு உயரத்துக்குக் கருவியைத் தூக்கிச் செல்ல அன்று வாகனம் இல்லை.

வாகனத்தைப் போர் தந்தது. ஜெர்மானியரிடம் கைப்பற்றிய வி-2 ராக்கெட்டுகளை அமெரிக்கர் நியூ மெக்சிகோ பாலையிலிருந்து ஏவினர். 1946 ஜூனில் ராக்கெட்டின் மூக்கில் வைத்த நிறமாலைமானி தரையில் மோதி அழிந்தது. அக்டோபர் 10 இல் அதை வால் சிறகில் வைத்தனர், படச்சுருள் தப்பியது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ரிச்சர்ட் டௌசி குழுவினர் அதில் 220 நானோமீட்டர் வரை சூரிய ஒளியைக் கண்டனர். ஹைட்ரஜனின் முதன்மையான கோடு 1952 இல் மற்றொரு ராக்கெட்டில் பதிவாயிற்று.

அதே 1952 இல் சாஹா சுயேச்சையாக மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அணைகள், தொழில்கள், பஞ்சாங்கச் சீர்திருத்தம் என்று அவர் கவனம் பரந்திருந்தது. 1956 பிப்ரவரி 16 இல் தில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் காலமானார். தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது அதற்கு ஏழாண்டுகள் கழித்து, 1963 இல்தான்.

2023 இல் இந்தியா ஏவிய ஆதித்யா-எல்1 கலத்தில் 200 முதல் 400 நானோமீட்டர் வரை சூரியனைப் படமெடுக்கும் தொலைநோக்கி ஒன்று உண்டு. ஓசோன் மறைத்ததில் ஒரு பகுதி அதற்குத் தெரிகிறது. சாஹாவின் விருப்பம் அவர் நாட்டுக் கருவியால் நிறைவேற எண்பத்தாறு ஆண்டுகள் ஆயின.