மூளையை வரைந்த மேதை

நரம்புத் தொகுதி தனித்தனிக் கலங்களால் ஆனது என்பதை இன்று பாடசாலை மாணவரும் அறிவர். இவ்வுண்மையை உலகுக்கு நிறுவிக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி சாந்தியாகோ ரமோன் இ கஹால் ஆவார்.

1852 இல் பிறந்த கஹால் ஓவியராகவே விரும்பினார். மருத்துவரான தந்தையோ ஓவியத்தை வீண்வேலை என்றே கருதினார். படிப்பில் நாட்டமின்றித் திரிந்த மகனை முடிதிருத்துநரிடமும் சப்பாத்துத் தைப்பவரிடமும் தொழில் பழக அனுப்பினார். ஈற்றில் இருவரையும் இணைத்தவை மயானத்து எலும்புகளே. உடற்கூற்றியல் கற்பிக்கத் தந்தை காட்டிய எலும்புகளை மகன் ஆர்வத்துடன் வரைந்தார். 1873 இல் மருத்துவரானார். இராணுவ மருத்துவராகக் கியூபா சென்று, மலேரியாவால் நலிவுற்றுத் திரும்பினார்.

இத்தாலிய அறிஞர் கமில்லோ கொல்கி, வெள்ளி நைத்திரேற்றைக் கொண்டு நரம்புக்கலங்களுக்குக் கருநிறமூட்டும் முறையை 1873 இல் கண்டறிந்திருந்தார். அதனை 1887 இல் மட்ரிட் நகரில் கண்ட கஹால், மேலும் செம்மைப்படுத்தினார். நரம்புகள் யாவும் தொடர்ச்சியான ஒரே வலை என்பது கொல்கியின் கொள்கை. ஒவ்வொரு நரம்புக்கலமும் தனித்தது என 1888 இல் பார்சிலோனாவில் கஹால் கண்டார்.

ஸ்பானிய மொழி ஆய்வுகளை அன்று ஐரோப்பிய அறிஞர் பொருட்படுத்தவில்லை. கஹால் சொந்தச் செலவில் சஞ்சிகை வெளியிட்டார். 1889 இல் பேர்லின் மாநாட்டுக்குச் சென்று, நுணுக்குக்காட்டியின் ஊடாகத் தமது சான்றுகளை நேரிலேயே காண்பித்தார். ஜேர்மனியின் மூத்த அறிஞர் கொலிக்கர் அவற்றை ஏற்றுக்கொண்டார்.

1906 இல் நோபல் பரிசு கொல்கிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கொல்கி தமது பரிசுரையிலும் பழைய கொள்கைக்காகவே வாதிட்டார். 1950 களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி, கலங்களுக்கிடையே இடைவெளி உண்டென்பதைக் காட்டியது. எனினும் கொல்கியின் முறையின்றிக் கஹாலின் வெற்றியும் இல்லை. கருத்தில் மாறுபட்டோரிடமிருந்தும் கற்கலாம் என்பதற்கு இது நற்சான்றாகும்.

ஆய்வுகூடம் அவரது பிற ஆர்வங்களை அழித்துவிடவில்லை. 1905 இல் விஞ்ஞானக் கதைகளையும் 1912 இல் வர்ணப் புகைப்படக்கலை பற்றிய நூலையும் வெளியிட்டார். சதுரங்க மோகம் ஆய்வுக்கு இடையூறானபோது அதனை மட்டும் கைவிட்டார். 1934 இல் மறைந்த அவரது ஆவணங்களை 2017 இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது.

தந்தை வெறுத்த ஓவியமே மகனின் ஆய்வுக் கருவியாயிற்று. பிள்ளைகள் மருத்துவராக வேண்டுமென விரும்புவது தவறன்று. அதற்காக அவர்களது இயல்பான திறமையை நசுக்குவதே தவறு. பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.